டியூலிப்புக்குப் போட்ட பசளை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சிட்னியின் டூங்கபியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் சித்தப்பா குடியிருந்தார். பூச்செடி விற்கும் ஒரு நர்சரியில் அவருக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் எழுத்து முடிந்து, அதாவது பதிவுத் திருமணம் ஆகி, ஒரு வருடம் கடந்திருந்தது. சித்திக்கு விசா கிடைத்துவிட்டது. செப்டம்பரில் வருவதாக இருந்தார். நான் அவரைப் போன் திரையில்தான் பார்த்திருந்தேன்.

சித்தி வரும்போது பூத்திருக்க வேண்டும் என்று சித்தப்பா இருபது டியூலிப் கிழங்குகள் வாங்கிவந்தார். சிட்னிக் குளிர் அவற்றுக்குப் போதாதாம். ஆறு வாரம் குளிர்பெட்டியில், அம்மாவின் முருங்கைக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வெங்காயம் என்று நினைத்து அம்மா ஒன்றை உரித்தே விட்டார். மே மாதம் சித்தப்பா மிச்சத்தைத் தொட்டிகளில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை எலும்புத்தூள் போட்டார். இன்னும் போடச் சொன்னேன்.

"காணும் பிள்ளை. கிழங்குக்குள்ளையே சாப்பாடு இருக்கு" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் சித்தி போனில் "பூத்திட்டுதோ?" என்று என்னிடம் கேட்பார். கேட்டுக் கேட்டு, பூத்தவுடன் சித்தி விமானம் ஏறிவிடுவார் என்றே நான் முடிவு செய்துவிட்டேன். கராஜில் புல்லுக்கு உரமாகப் போடும் பசளை ஒரு மூட்டை இருந்தது. யாருக்கும் தெரியாமல் தொட்டிக்கு ஒரு பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த வாரம் இரண்டு பிடி.

இலைகள் எழும்பிய வேகத்தைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரும்பச்சையாய், என் உள்ளங்கையைவிட அகலமாய் வளர்ந்தன. சித்தப்பாதான் மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்து முகத்தைச் சுருக்கினார். ஆகஸ்டில் நுனிகள் கருகின. இலைகள் சாய்ந்தன. ஒரு மொட்டுக்கூட வரவில்லை. இலைக்கான சத்தை அள்ளிக் கொடுத்தால் பூ வராது, கிழங்கும் வெந்து அழுகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "நான்தான் தண்ணி கூடுதலா விட்டிட்டன் போல" என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் குசினி வாசலில் நின்று கேட்டேன். மெல்ல முற்றத்துப் பக்கம் நழுவிவிட்டேன்.

அந்த ஞாயிறு சித்தி என்னோடு கதைக்கவில்லை. சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த தன் தகப்பனை விட்டுவிட்டு வரமுடியாது, இனித் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டது எனக்குப் பல வருடங்களின் பின்தான் தெரிந்தது. பூ வராததால் சித்தி கோபித்துக்கொண்டார் என்பதுதான் அன்றைக்கு நான் போட்ட கணக்கு.

மாலையில் சித்தப்பா தொட்டிகளைக் கவிழ்த்து அழுகிய கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு, அங்கே கிடந்த கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"இதில கொஞ்ச நேரம் வந்து இரு பிள்ளை."

பிடிபட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். ஹோம்வேர்க் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அதன் பிறகும் அவர் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தேன். கிறிஸ்மஸுக்கு முன்பே அவர் மெல்பேர்னுக்கு, கிரான்பர்ன் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார். புறப்படும்போது என் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு நின்றேன். பசளையைப் பற்றி விசாரிக்கத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருந்தால் போதும் என்று ஒரு பெரிய மனிதர் சின்னப் பிள்ளையிடம் கேட்கக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.