கேடயத்தின் வலது பாதி

ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில் அரிசி ஆலை வைத்திருந்த ஸ்காட்லாந்துத் துரை ஒருவர், தம் புது வீட்டுச் சுதை வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். முன்கூடத்து வாசலுக்கு மேலே அவர் குடும்பத்துக் கேடயத்தைச் செய்ய வேண்டும்.

மாதிரிக்கு அவர் பிறந்த வீட்டின் படத்தைக் காட்டினார். கோட்டை போன்ற கல் வீடு. நடுவில் பழைய கோபுரம். அதை ஒட்டித் தலைமுறை தலைமுறையாகக் கட்டிச் சேர்த்த பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் நடுவே கோடு போட்ட கேடயம் ஒன்று. இடது பாதியில் அவர்கள் சின்னமான மூன்று பறவைகள். வலது பாதியில் மனைவி பிறந்த வீட்டின் சின்னம். எந்தப் பகுதி எந்த மருமகள் காலத்தில் எழும்பியது என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். எனக்கு அது பிடித்திருந்தது.

பறவைகளை முடித்துவிட்டேன். வலது பாதிக்கு மட்டும் படம் வரவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுச் சாரத்தின்மேல் உட்கார்ந்திருந்தபோது துரைசாணி வந்தார். மதராஸில் பிறந்தவர், தமிழ் பேசுவார்.

"எங்க அப்பா ரயில் ஓட்டினவர், மேஸ்திரி. எங்க வீட்டுக்குச் சின்னம் எல்லாம் கிடையாது."

கீழே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்த என் கூட்டாளிக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப ஒரு இஞ்சினப் போட்ருவோம்மா! அண்ணன் செஞ்ச பறவையெல்லாம் பயந்து பறந்துடும்!"

துரைசாணி சத்தமாகச் சிரித்தார். சத்தம் கேட்டுத் துரை வந்தார். அவர் சிரிக்கவில்லை. அவர் ஊரில் சின்னத்தை ராஜாங்கம் கொடுக்க வேண்டுமாம். நாமாகப் போட்டுக்கொள்வது பொய்யாம். ஊரிலிருந்து அவர் அண்ணன் வேறு வரப்போகிறார்.

"நடுக்கோட்டை அழித்துவிடு. பறவைகளைக் கேடயம் முழுக்கப் பரப்பு" என்றார்.

சுதை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கரண்டியை ஒருமுறை இழுத்தால் கோடு போய்விடும்.

"கோட்டத் தொடாதே, மேஸ்திரி" என்றார் துரைசாணி. பிறகு துரையிடம் இங்கிலீஷில் பேசினார். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இஞ்சின் போட்டால் பொய், சரி. நடுக்கோட்டை அழித்தால், இந்த வீடு கட்டும்போது உங்களுக்கு மனைவியே இல்லை என்று ஆகாதா?

துரை கேடயத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "வெறுமனே விட்டால் அரைகுறை வேலையாகத் தெரியுமா?"

"முட்டை வெள்ளைக்கரு சேத்து மெழுகினா தெரியாதுங்க. வேணும்னே விட்டதுன்னு தெரியும்."

"மெழுகு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துரைசாணி தாமே சமையல்கட்டுக்குப் போய் முட்டைக் கூடையைத் தூக்கி வந்தார். பின்னாலேயே சமையல்காரர். "செவுத்துக்கு ஆம்லெட்டாய்யா போடப் போறீங்க?"

"ஒமக்கும் ஒண்ணு தர்றோம், போம்!" என்றான் கூட்டாளி.

பறவைகளைவிட அந்த வெற்றுப் பாதிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்குபோல் மினுமினுப்பு வந்தது. துரைசாணி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேடயத்தில் தம் பாதியின் ஓர் ஓரம் இன்னும் மங்கலாக இருப்பதை விரல் நீட்டிக் காட்டினார்.