சிவப்பு வளையம் போட்ட ராடு

எங்கள் அண்ணன் இல்லாத வீட்டில் ஓராண்டை ஓட்டிவிட்டோம். இன்று அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணி, பிள்ளைகள் சார்பில் என் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றித் தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நாலு நல்ல வார்த்தை எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அண்ணன் தலையில் ஊர் ஏற்றி வைத்திருக்கும் ஒரு தவறு அவர் செய்ததல்ல. அதை இங்கே இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கிராமத்தில்தான் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அப்பா தவறியபோது அண்ணன் எட்டாம் வகுப்பு, நான் ஒன்றாம் வகுப்பு. அவர் படிப்பை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்கு ஏறினார். என்னைப் படிக்க வைத்தார். பத்தாவதில் நான் கோட்டை விட்டபோதும் திட்டவில்லை. மறுவாரமே தன்னோடு வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

போர் போடும்போது ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இறக்கும் இருபதடி இரும்புக் குழாயைத்தான் நாங்கள் ராடு என்போம். அண்ணன் அதைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பார்த்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று தோன்றும். கல் மேல் உருட்டி வளைவு பார்ப்பார். சுத்தியால் தட்டிக் காது கொடுப்பார். முனையில் இருக்கும் திருகு மரையைச் சுற்றிலும் கட்டைவிரலால் தடவுவார். இருநூறு அடிக்குப் போதுமான ராடு ஐந்நூறு அடிக்கு ஆகாது என்பார். தேறாததற்குச் சிவப்பு பெயின்டில் வளையம் போட்டு ஒதுக்கிவிடுவார்.

"கடைசியா ஏத்தற ராடு இருக்குதே, அதான்டா கீழ இருக்கற அத்தினியும் தூக்கிகினு நிக்குது. அது நல்ல ராடா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன், ஒரு ஆடிக் கிருத்திகை. அண்ணன் வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். அன்று எங்கள் வண்டி ராஜேஸ்வரி அக்கா நிலத்தில் நின்றது. கணவரை இழந்தவர். கிணறு வற்றி, ஒன்றரை ஏக்கர் கரும்பும் காய்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் பண்டிகை நாளிலும் வேலையை நிறுத்தவில்லை. திருத்தணி மலைக்குக் கிளம்பும்போது அண்ணன் என்னிடம் சொன்னார்: "நல்ல ராடு இருவத்தஞ்சுதான் கீது. அது இறங்கினா நிறுத்திடு. நான் வரும்போது வேற எடுத்தாரேன்."

இருபத்தைந்தும் இறங்கியது. தண்ணீர் இல்லை. ஆனால் புழுதி போய் ஈர மண் வரத் தொடங்கியது. காலையிலிருந்து வெயிலில் நின்ற அக்கா, "வருதா தம்பி?" என்று ஓடி வந்தார். அண்ணன் மலை இறங்கி வரும்போது தண்ணீரைக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்கு. கூடாரம் கட்ட வைத்திருந்த, சிவப்பு வளையம் போட்ட ராடு ஒன்று வண்டியில் கிடந்தது. இருபதடிதானே என்று அதை ஏற்றினேன். மரையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில், மேலே தூக்கும்போது மரை கழன்றது. இருபத்தைந்து ராடும் குழிக்குள் விழுந்துவிட்டன. குழியும் போயிற்று. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து சேர்ந்தார். வண்டியில் தொங்கிய ராட்டின் சிவப்பு வளையத்தைப் பார்த்தார். மரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருப்பா இத்த ஏத்துனது?" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டார்.

"நான்தாங்க்கா இத்த ஏத்தச் சொல்லிட்டுப் போனேன். தப்பு என்னுதுதான். வேற குழி போட்டுத் தர்றேன், அழாதீங்க."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. ராடுகளை மீட்க நான்கு நாள் போராடியும் பயனில்லை. அண்ணன் தன் பொறுப்பிலேயே பத்தடி தள்ளி வேறு குழி போட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது, கரும்பும் பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து அண்ணனுக்கு 'ராடு விட்டவர்' என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேலி செய்தார்கள். இதைப் படிக்கும் சிலரும் செய்திருப்பீர்கள். அவர் சிரித்துவிட்டு மோர் ஊற்றிக்கொள்வார். அதே பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் ராடு விழுந்த மறுநாள்.

"ஏத்தறதுக்கு முன்ன வெரல வெச்சிப் பாத்தியாடா?"

"இல்லண்ணா."

"இனிமே பாரு."

முப்பது வருடக் கல்தூசி அண்ணனின் நுரையீரலைத் தின்றுவிட்டது. கடைசி மாதத்தை அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில் கழித்தார். ஒருநாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணா, அந்த அக்காகிட்ட நான் உண்மைய சொல்லிட்றேன்."

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "இப்ப இன்னாத்துக்குடா? அதான் தண்ணி வந்துட்ச்சே."

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. அந்த ராட்டை ஏற்றியது நான். அண்ணன் ஏற்றச் சொல்லவே இல்லை. இனி யாராவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் கூட இருந்த உறவினர்களுக்கும், தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பாடையைத் தோளில் சுமந்த வண்டித் தோழர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத குறை தெரியாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

முதல் பிரதியை ராஜேஸ்வரி அக்காவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். காரியம் நடந்த அன்று தன் போரில் பிடித்த தண்ணீரை ஒரு குடம் தூக்கிக்கொண்டு வந்து, "உங்க அண்ணன் குடுத்த தண்ணி தம்பி" என்று என்னிடம்தான் கொடுத்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.