மாமா இறங்கிய கிணறு

எங்கள் மாமாவுக்கு எந்த எந்திரத்தைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. கேரளத்துப் பாறசாலைக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தபோது, இறைத்துச் சுத்தம் செய்ய ஒரு பெட்ரோல் மோட்டாரை வாடகைக்கு எடுத்து வந்தார். மேலே வைத்து ஓட்டினால் அது ஆழத்துத் தண்ணீரை இழுக்கவில்லை. உடனே அதைக் கயிற்றில் கட்டி, கிணற்றின் பாதி ஆழத்தில் இருந்த திட்டில் இறக்கி வைத்து ஓட்டிவிட்டார். "ஒண்ணும் பயப்படாண்டாம் மக்கா, இது சின்ன வேலையாக்கும்" என்று என்னிடம் சொன்னார். நானும் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக நின்றது. என்னவென்று பார்க்க மாமா இறங்கினார். புகை முழுக்க உள்ளேயே அடைந்து கிடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா கூப்பிட்டுப் பார்த்தார், பதிலே இல்லை. எட்டிப் பார்த்தால், மாமா அந்தத் திட்டில் சுவரோடு சாய்ந்து தலை தொங்கக் கிடந்தார்.

எங்களோடு வந்திருந்த பெரியப்பா போனை எடுத்தார். அவருக்கு எந்த அவசரத்திலும் தன் பேரோடு வீட்டுப்பேரையும் சேர்த்துச் சொல்லாமல் பேச வராது. ஃபயர் ஃபோர்ஸ்காரர்களுக்கு மலையாளத்தில் நிறுத்தி நிதானமாக வழி சொன்னார். மாமி, "அண்ணே, ஒருக்க எறங்குங்கோ அண்ணே" என்று அப்பாவின் காலில் விழுந்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

அம்மா பின்னாலிருந்து அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "எறங்கப்பிடாது. உள்ள காத்தே இல்ல. ரெண்டு பேரும் போயிருவிய."

"உள்ள கெடக்கது ஒங்க கூடப்பிறந்தவராக்கும் மைனி!" என்று மாமி அலறினாள்.

அப்பா திமிறினார். அம்மாவின் வளையல்கள் உடைந்தன, பிடி தளரவில்லை. "மாங்கொப்பு வெட்டிக் கயித்துல கட்டி எறக்கி ஆட்டுங்கோ, உள்ள காத்து போவட்டு" என்று கத்தினாள். அப்பா கயிற்றை விட்டுவிட்டு மாமரத்தின் பக்கம் திரும்பிய பிறகுதான் விட்டாள். இலையும் கொப்பும் மேலும் கீழும் போய்வர, அவள் கிணற்றுச் சுவரில் கவிழ்ந்து, "எலே மக்கா, மிண்டுலே, ஒரு வார்த்த பேசுலே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தம்பி சாகக் கிடக்கிறான், இவள் அப்பாவைப் போகவிட மாட்டேன் என்கிறாளே!

ஃபயர் ஃபோர்ஸ் வந்தது. ஒருவர் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கி, வலையில் கட்டி மாமாவை மேலே அனுப்பினார். உயிர் இருந்தது.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பார்க்கப் போனோம். மாமி அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. மாமாவோ அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ அத்தானப் புடிச்சு நிறுத்தினதாக்கும் சரி, அக்கா" என்றார்.

கிணற்றடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, அதைக் கேட்டதும் அவர் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். மாமி அசந்துபோய் நின்றாள், பிறகு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மாமாவே சரி என்று சொன்ன பிறகு எதற்காக இப்படி அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.