சந்தேகக்காரி கொண்டுவந்த தீவனம்

என் வீட்டுக்காரரின் தங்கைக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் 'மோப்பம்'. தராசுத் தட்டின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் வெங்காயம் வாங்க மாட்டாள். நான் மருமகளாக வந்த புதிதில் என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நானே திறந்து காட்டினேன். அப்போதும் அடியில் ரகசிய அறை ஏதாவது இருக்குமோ என்று தட்டிப் பார்த்தாள். இப்படி ஒரு நாத்தனார் எனக்கென்று வாய்த்தாள்.

ஆனாலும் அவளை நான் ரொம்பக் குறை சொல்வதில்லை. ஊரையே சந்தேகப்பட்டவள் கட்டினவனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அவன் வேலைக்கென்று போன இடத்தில் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் நம்பியது ஒன்றே ஒன்றுதான், எங்கள் மாட்டுப் பால். எங்களுக்கு ஒரே மாடு. பால் எங்கள் வீட்டுக்கும் அவளுடைய நான்கு வயது மகளுக்கும் சரியாக இருக்கும். அண்ணன் கறக்கும்போது பக்கத்திலேயே நின்று, தன் வீட்டுச் சொம்பில் நேராக வாங்கிக்கொண்டு போவாள். பொட்டுத் தண்ணீர் விழ இடம் கொடுக்க மாட்டாள்.

தெருக்கோடியில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை ஒன்று இருந்தது. அதை மூடிய பிறகு, மண்ணைச் சுத்தப்படுத்த ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து அங்கே சூரியகாந்தி போட்டார்கள். செடி வேர் வழியாக ஈயத்தை இழுத்துக்கொள்ளுமாம். பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்கி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றித் தனிக் குழிக்கு அனுப்ப வேண்டுமாம். தண்ணீர் ஊற்றவும் பிடுங்கவும் என் நாத்தனாரை வேலைக்கு வைத்தார்கள். ஆய்வுக்கூடத்து அம்மா முதல் நாளே கையுறையைக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"ஒரு இலைகூட வெளிய போகக் கூடாதும்மா. மாடு தின்னா மொதல்ல கண்ணுதான் போகும்."

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினாள்.

"பூச்செடி விஷத்த உறிஞ்சுதாம் அண்ணி. யார் காதுல பூ சுத்துறாங்க? மண்ணு சுத்தமாயிடுச்சுன்னு சொல்லி எடத்த நல்ல விலைக்கு விக்கப் போறாங்க. அதுக்குத்தான் இந்தப் படம்."

"உனக்கென்ன, சொன்ன வேலையப் பாரு" என்றேன்.

அவள் எங்கே கேட்டாள்? அந்த அம்மாவைக் கண்காணிப்பதே வேலையாகிவிட்டது. மூட்டைகளுக்கு ஏன் இத்தனை முடிச்சு? லாரிக்காரன் ஏன் வாயே திறப்பதில்லை? ஒரு நாள் கண்டுபிடித்தே விட்டாள்.

"எல்லாத்தையும் தீவனமா வித்துக் காசு பாக்குறாங்க அண்ணி! குழியாவது ஒண்ணாவது? செடி பச்சப்பசேல்னு நிக்குது. வெஷம் குடிச்சது இப்படியா நிக்கும்?"

மறுநாள் முந்தானையில் மறைத்து ஒரு கட்டு கொண்டுவந்து மாட்டுத் தொட்டியில் போட்டாள். "எவனோ திங்கிறதுக்கு நம்ம மாடு திங்கட்டும்" என்றாள். இவருக்கும் தங்கை சொன்னால் வேதவாக்கு. பிடுங்கும் நாளெல்லாம் கட்டு வந்தது. மாடும் ஆசையாகத் தின்றது.

மாடு இரை எடுக்காமல் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தபோது வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். பிறகு ஒரு காலையில், அவள் சொம்போடு நிற்கும்போதே, அவிழ்த்துவிட்ட மாடு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. விலகி வந்து மறுபடியும் அதே சுவரில் முட்டியது. இவர் அதன் கண்ணெதிரே கையை ஆட்டிப் பார்த்தார். இமைக்கவே இல்லை.

சொம்பு அவள் கையிலிருந்து விழுந்தது. "கண்ணுதான் போகும்னு சொன்னாங்க" என்றாள்.

"நீதானே பாப்பா எல்லாம் பொய்யின்னு சொன்ன?" என்றார் இவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் பட்டறைக்கு ஓடினாள். எவரைத் திருடி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாளோ, அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மா திட்டவில்லை. "பால யாரு குடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாராம். கேட்டவர் அப்படியே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். குழந்தை ஊசிக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்து பால் இல்லை என்றதும்தான் அழுதது. ஏன் இல்லை என்று அதற்கு என்னவென்று சொல்வது?

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். மாடு அதற்குள் செத்துப்போயிருந்தது.

"கொழந்த ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. ஆனா பயப்படுற அளவு இல்ல. பாலதான் நிறுத்திட்டீங்களே, இனி கொஞ்சங்கொஞ்சமா எறங்கிடும்" என்றார் டாக்டர்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்மா."

"எனக்காகச் சொல்லலையே?"

டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து, தூங்கிய குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, அவரு சொன்னது உண்மையாத்தான் இருக்கும்ல?"

"உண்மைதான். கவலப்படாத."

அன்றைக்கு என் பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்த அதே கண்ணால் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் சொன்னதை நம்ப வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. எப்படி நம்புவது என்றுதான் தெரியவில்லை.