கூடவே வந்த சூரியன்

மூன்று வருடத்துக்கு முன்பு, ரம்ஜான் மாதத்தில், மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து துபாய்க்கு விமானம் ஏறினேன். எனக்கு ஊர் மாமல்லபுரம். செங்கல்பட்டு ஜங்ஷனைத் தாண்டினாலே வெளிநாடு என்று நினைக்கிறவள். எவ்வளவு தூரம் என்று மகனைக் கேட்டேன். மூவாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும், நாலு மணி நேரம் என்றான். திருநெல்வேலிக்கு ரயிலில் போனாலே ஒரு ராத்திரி ஆகிறது. அப்படியானால் துபாய் பக்கத்து ஊர்தான் என்று தைரியமாகிவிட்டேன்.

மகளுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. அதனால்தான் பயம். கிளம்பும் அன்று காலையிலேயே வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. உடனே சிங்கப்பெருமாளிடம், இரண்டு உயிரையும் காப்பாற்று, பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். மகன் இட்லிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, தன் வாட்ச்சையும் கட்டிவிட்டு, ஆறரை ஆனதும் சாப்பிட்டுவிடச் சொன்னான்.

எனக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்தில் பர்தா போட்ட பெண், கூடுவாஞ்சேரிக்காரி, கணவனிடம் போகிறாள். சாப்பாட்டு வண்டி வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக வேண்டாமென்று தலையை ஆட்டினோம். அவளுக்கு ரம்ஜான் நோன்பு, எனக்கு வேண்டுதல். சிநேகமாகிவிட்டோம்.

வாட்ச்சில் ஆறரை ஆனது. பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். ஜன்னலில் சூரியன் பளபளவென்று நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே நிற்கிறது.

"இன்னா கண்ணு, இதுவும் டிக்கெட் எடுத்துகினு நம்மகூடவே வருதா?"

"நாமதான் ஆயா அது பின்னாடியே ஓடிகினு கீறோம். அதான் எறங்க மாட்டேங்குது."

பெருமாள் கோயிலில் இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்களே, அவர் ஊர்க் கணக்கு முடிந்ததே, நான் சாப்பிடலாம்தானே என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் தனக்குக் கண்ணில் தெரிகிற சூரியன்தான் கணக்கு என்றாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு இட்லி இறங்குமா? பொட்டலத்தை மூடிப் பைக்குள் திணித்தேன்.

தலை சுற்றியது. ஆனாலும் வேடிக்கை பார்ப்பதை விடவில்லை. நடு சீட்டிலிருந்து அவளுக்குச் சரியாகத் தெரியாததால், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, பாதி போச்சு, இன்னும் நகக்கண் அளவுதான் பாக்கி என்று நான்தான் சேதி சொன்னேன். கடைசியில் அது முழுகியதும், அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு முதல் பாதியை என் கையில் வைத்தாள்.

"இந்தா ஆயா, நீ வாய்ல போடு."

இறங்கிப் போனைப் போட்டதும் மருமகன் பேசினார். பெண் குழந்தை, இருவரும் நலம். நான் சென்னையில் பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே பிறந்துவிட்டதாம். முடிந்துபோன வேலைக்குப் பெருமாளிடம் அவ்வளவு நேரம் மனு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அப்படியானால் ஆறரைக்குப் பிறகு நான் பட்டினி இருந்தது யாருக்காக என்று இன்றைக்கும் யோசிப்பேன். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்தப் பக்கத்து சீட்டுக்காரிக்காக என்று நினைத்தால், என் ஆயுசில் இருந்த விரதங்களிலேயே அதுதான் உருப்படியானது என்று தோன்றுகிறது.