ஷட்டருக்கு அடியில் நுழைந்தவள்

போன வாரம் என் கைப்பேசி, அம்மா உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. அப்பா விமானப்படையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அது நிற்காமல் வர வேண்டுமானால் ஒவ்வொரு நவம்பரிலும் 'நான் இன்னும் சாகவில்லை' என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். சில வருடங்களாக அதற்கு ஒரு செயலி இருக்கிறது. திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறது. சிமிட்டினாள், முறைத்தாள், கடைசியில் கைப்பேசியைப் பார்த்து "போடா" என்றாள். 'முகம் பொருந்தவில்லை' என்றே திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைச் சுவரில் அடித்திருப்பேன். புதுசு என்பதால் விட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். என் மூக்குக்கு நவம்பரும் கருவாடும் ஒன்றுதான். உங்களுக்கு விநோதமாக இருக்கும், சொல்கிறேன்.

கல்லூரி முடித்த புதிதில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வங்கியை ஒட்டியிருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, அதில் மெஷினும் நானும் சேர்ந்து சூடாவோம். நான் பி.காம். என்பதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவேன். ஒருவரும் கேட்டதில்லை.

பக்கத்து வங்கியில் பட்டாளத்து ஓய்வூதியத்துக்கு ஒரே கவுன்ட்டர். மதியச் சாப்பாட்டோடு மூடிவிடுவார்கள், டோக்கனும் கிடையாது. நவம்பரில் வாசல் நிறையக் கிழவர்கள். மற்ற இடங்களில் முதலில் வந்தவர் முதலில் நிற்பார். இவர்கள் ரேங்க் பார்த்து நிற்பார்கள். முதலில் சுபேதார், பிறகு ஹவில்தார், அப்புறம் நாயக், வால் நுனியில் சிப்பாய். பேரன் பேத்தி எடுத்து, பல் கொட்டிய பிறகும் அதே அணிவகுப்பு. யாரும் உத்தரவு போடவில்லை, உடம்பில் ஊறிப்போன பழக்கம். விதவைகளுக்கும் புருஷன் விட்டுப்போன ரேங்க்தான். ஹவில்தார் பெண்டாட்டி, சிப்பாய் பெண்டாட்டியைத் தாண்டிக் கூச்சமே இல்லாமல் முன்னால் போவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மந்தையை மேய்த்தவர் சேலையூர் சுபேதார். முறுக்கிய மீசை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் குடை, மடங்காத ஒரு முழங்கால். என்னை 'ஏ கேர்ள்' என்று கூப்பிடுவார். அவரை எனக்குப் பிடிக்காது. போய்ச் சேர்ந்தவராக இருந்தால் இப்படி எழுதத் தயங்குவேன். மனுஷர் இன்னும் சேலையூரில்தான் இருக்கிறார், ஆகவே எழுதலாம்.

ஞானம்மா கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வந்து, பஸ் மாறித் தாம்பரம் வருவாள். கருவாடு விற்பவள், கூடையும் கூடவே வரும். அவள் புருஷன் கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் பாகிஸ்தான் சண்டையில் செத்துப்போனார். சாகும்போது சிப்பாய். சண்டையில் செத்தவருக்காக அந்த வரிசையில் நின்றவள் அவள் ஒருத்திதான். அவளுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம் நவம்பர் முழுக்க வந்து வந்து திரும்பியிருந்தாள். அவள் முறை வருவதற்குள் கவுன்ட்டர் மூடிவிடும். நவம்பர் முடிந்தது, பணம் நின்றது. கணக்குப்படி ஞானம்மா செத்துப்போனாள். திரும்ப உயிர் வாங்க மழைக்காலம் தாண்டி வெயில் காலம்வரை அலைந்தாள். அந்த அலைச்சலில் வியாபாரமும் படுத்துவிட்டது. "இன்னொரு வாட்டி செத்தேன்னா பொழைக்க மாட்டேம்மா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அடுத்த நவம்பரின் கடைசி நாள். அதுவரை வந்தும் பலனில்லை. அன்றைக்கு நான் கடை திறக்க வந்தபோது வங்கியின் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சுபேதார் வந்து குடையால் வரிசையின் கடைசியைக் காட்டினார்.

"பின்னாடி போம்மா. டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கு."

"இன்னா டிசிப்ளினு? நான் மொத பஸ்ல வந்து குந்திகினு கீறேன். நீ இப்பத்தான் பவுடர் போட்டுகினு வர்றே."

"உன் ஹஸ்பண்ட் சிப்பாய்மா. நான் சுபேதார்."

"நீ எப்ப பட்டாளத்துல சேந்தே?"

அவர் நெஞ்சை நிமிர்த்தி வருடத்தைச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரு அதுக்கு முந்தின வருசமே சேந்தவரு. ஒரு நாள் முன்ன சேந்தாலும் சீனியருதான்னு அவரே சொல்லிக்கீறாரு. நீ உசுரோட வந்தே, சுபேதாரு ஆனே. அவரும் வந்திருந்தா நீ அவருக்கு சல்யூட் அடிச்சிகினு நிப்பே. தள்ளு."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில் சுபேதார் மனம் இளகி சல்யூட் அடித்தார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அடிக்கவில்லை. "சிப்பாய் சிப்பாய்தான்" என்றார் அந்த மனுஷர்.

வாட்ச்மேன் உள்ளேயிருந்து ஷட்டரைத் தூக்கினான். அது தினமும் பாதியில் சிக்கும், அன்றைக்கும் இடுப்பு உயரத்துக்குக் கீழேயே சிக்கிக்கொண்டது. அவன் எண்ணெய் டப்பாவைத் தேடிப் போனான். ஞானம்மா கூடையை உள்ளே தள்ளினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், தவழ்ந்து போய்விட்டாள்.

சுபேதார் குனியப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. பின்னால் நின்ற ஹவில்தார்களும் நாயக்குகளும் நன்றாகக் குனியக் கூடியவர்கள்தான். ஆனால் சுபேதாரைத் தாண்டிக்கொண்டு எப்படிக் குனிவது? அத்தனை பேரும் அவர் முதுகைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எண்ணெய் போட்டு ஷட்டர் ஏறுவதற்குள் அவள் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதியிருந்த தாளில் குமாஸ்தா அவளிடம் கைநாட்டு கேட்டார். தலை முழுக்க நரைத்தவளிடம், வருடா வருடம் கேட்கிற கேள்வி. "ஏன், நீ எவனையாச்சும் பாத்து வெச்சிக்கீறியா?" என்று அவள் கத்தியது என் பொந்துவரை கேட்டது. வெளியே வந்ததும் சுபேதாரின் முகத்துக்கு நேரே நின்று, "உசுரோட கீறேன்" என்றாள். என் மேஜையில் ஒரு துண்டு வஞ்சிரக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனாள். கிறிஸ்துமஸ் வரை கடையில் அந்த வாசனை போகவில்லை. அதற்குப் பிறகு வந்த நவம்பர்களிலும் சுபேதார் முறைத்தார், அவளும் முறைத்தாள். முதலில் உள்ளே போனது அவள்தான்.

இரண்டு வருடம் முன்னால் வேறு வேலையாக அந்த வங்கிக்குப் போயிருந்தேன். ஷட்டர் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு. பட்டாளத்துக் கவுன்ட்டரை எடுத்துவிட்டு சோபா போட்டிருக்கிறார்கள். அதன் நுனியில், கூடை இல்லாமல், ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். செயலி அவள் முகத்தையும் ஏற்கவில்லையாம், பணம் நின்றுவிட்டதாம். வங்கிப் பையன் அவளுக்கு ஏசி போட்டு, தண்ணீர் கொடுத்து, "எல்லாம் மொபைல்லயே பண்ணிக்கலாம்மா, இங்க எங்க கையில எதுவும் இல்ல" என்று அவ்வளவு பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சண்டைக்கு ஆள் தேடுகிற மாதிரி அந்தக் கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டினாள். என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த சுபேதாரு கீறானாம்மா?" என்று கேட்டாள். "அவனாச்சும் இங்க வந்து நிக்கக் கூடாதா? நான் உசுரோட கீறேன்னு யார் மூஞ்சில சொல்றது?"