ஏரியின் பச்சைக்கு ஷேட் கார்டு

எங்கள் ஊர் ஏரி நிறம் மாறினால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. தோல் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் வேலை பார்க்கும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். போன கோடையில் ஏரி பச்சையானபோது தட்டியது பக்கத்து வீட்டு அக்கா. அவருக்கு இருப்பது ஒரே எருமை. குடும்பம் ஓடுவது அதன் பாலில், அது தண்ணீர் குடிப்பது அந்த ஏரியில்.

“இன்னா தம்பி, இந்த வாரம் பச்சையா ஓட்றீங்க?”

“இல்லக்கா, பிரவுனுதான் போவுது.”

அவர் நம்பவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

முதலாளி என்னைவிட ரோஷக்காரர். சாயத் தோல் துண்டுகள் ஒட்டிய ஷேட் கார்டுகளைக் கொடுத்து, நிறம் ஒத்துப்போகிறதா பார் என்று என்னை ஏரிக்கே அனுப்பிவிட்டார். மற்ற தொழிற்சாலைகளிலிருந்தும் ஆட்கள் கார்டுகளோடு வந்தார்கள். கரையில் குந்திக் கண்ணைச் சுருக்கி, தண்ணீரோடு அட்டையைச் சேர்த்துப் பிடித்தோம்.

“இது உங்க பச்சைதாங்க.”

“எங்களுதுல மஞ்சள் ஜாஸ்தி, நல்லா பாருங்க.”

பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நானும் தொண்டை வறள வாதாடினேன். வெயில் ஏற ஏற ஏரி வேறு பச்சையைக் காட்டியது. முதலாளிக்குப் படம் அனுப்பினேன். ‘நல்ல ஷேடுப்பா, நமக்கு வருமா?’ என்று பதில் வந்தது.

அக்காவும் எருமையோடு கரைக்கு வந்து தீர்ப்புக்காகக் காத்திருந்தார். எருமை அவரைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது.

மதியம் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். எங்கள் அட்டைகளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சாயம் இல்லீங்க, நீலப்பச்சைப் பாசி. பெருமழை வயல் உரத்தையெல்லாம் அடிச்சுக்கிட்டு வந்துடுச்சு. அப்புறம் காத்தே இல்லாத வெயிலு, ராத்திரியும் சூடு தணியல. முன்ன இந்த ஏரியில இந்தப் பாசி கிடையாது. சூடு ஏற ஏற புதுசு புதுசா ஏரிங்களைப் பிடிக்குது. விஷமா இருக்கலாம், மாட்டைக் குடிக்க விடாதீங்க.”

நிரபராதிகளான நாங்கள் கைகுலுக்கிக்கொண்டு கலைந்தோம்.

மறுநாள் காலை எங்கள் தொழிற்சாலை கேட்டில் எருமை கட்டியிருந்தது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, நம்ம சாயம் இல்லன்னு நேத்தே சொல்லிட்டாங்களே. எல்லாம் வெயிலு பண்ற வேலை.”

“தெரியும் தம்பி. வெயிலுக்கு கேட்டு எங்க இருக்குன்னு சொல்லு, அங்க போய் கட்றேன்.”

அதற்குள் முதலாளியின் கார் கேட்டில் வந்து நின்றது. கத்துவார் என்று நான் பயந்தவர், இறங்கி எருமையைப் பார்த்துவிட்டு ஆபீஸ் தண்ணீர் கேனைக் கை காட்டினார். புது வாளி ஒன்றில் ஊற்றி வைத்தேன்.

எருமை மொத்தத்தையும் குடித்துவிட்டு அடுத்த கேனைப் பார்த்தது. அக்கா கயிற்றை அவிழ்க்கவில்லை.